வட்ட அட்டைக்கு எது தலை, எது கால்?

#1 நீலக்குடை

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஆரக்கிள் அட்டைகளை (குறி பார்க்கப் பலர் பயன்படுத்தும் படச் சீட்டுகள்) வைத்துக்கொண்டு நாட்குறிப்பு எழுதி வருகிறேன். குறி கேட்பதற்காக அல்ல. நாள் முடிவில் ஓர் அட்டையை உருவி, அதிலிருக்கும் படத்தைப் பார்த்து, அன்றைக்கு மனத்தில் தங்கிப்போன ஏதோ ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவேன். வெறும் தாளைப் பார்த்தால் எனக்கு எழுத்து வராது. முன்னால் ஒரு படம் இருந்தால் வந்துவிடும். அவ்வளவுதான்.

இதுவரை பயன்படுத்தியது வழக்கமான செவ்வகக் கட்டு. போன மாதம் தோழி ஒருத்தி வட்டக் கட்டு ஒன்றைப் பரிசளித்தாள். 44 அட்டைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. படத்தில் ஒரு சொல்கூட இல்லை, எண்ணும் இல்லை. பார்க்க அத்தனை அழகு. பயன்படுத்தத்தான் முடியவில்லை.

முதல் நாள் வந்தது படகு. உருவியபோது அது சாய்ந்து, அலைமேல் ஏறுவதுபோல் இருந்தது. சற்றே திருப்பினேன், அமைதியான நீரில் நின்றது. இன்னும் திருப்பினேன், கவிழ்ந்துவிட்டது. ஓர் அட்டைக்குள் மூன்று படகுகள். எதைப் பற்றி எழுதுவது? செவ்வகத்தில் நேர், தலைகீழ் என்று இரண்டோடு முடிந்துவிடும். உடன் வந்த கையேடு "உள்ளுணர்வு காட்டும் திசையில் வையுங்கள்" என்கிறது. இரவு பத்தரை மணிக்கு என் உள்ளுணர்வு காட்டியது கட்டிலின் திசையைத்தான்.

இன்னொரு தொல்லை, கலைப்பது. கையில் நிற்காமல் வழுக்கி ஓடுகிறது. வழக்கத்துக்கு மாறான வடிவக் கட்டுகளை வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

#2 மூன்றாம்பிறை

நீலக்குடை, இந்தக் குழப்பம் வட்டக் கட்டுக்கு வரும் எல்லோருக்கும் உண்டு. எனக்கு அது தீர ஓர் ஆண்டு ஆயிற்று.

வட்ட அட்டைகளில் பேர்பெற்றது மதர்பீஸ் டாரட் என்ற குறிச் சீட்டுக் கட்டு. விக்கி நோபிள், கேரன் வோகல் என்ற இரு பெண்கள் உருவாக்கியது, 1981இல் வெளிவந்தது. 78 அட்டைகளும் வட்டம். அதைப் புழங்குவோரிடம் சாய்வை வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. நேராக விழுந்தால் படத்தின் பொருள் முழுதாக. இடப்பக்கம் சாய்ந்தால் தயக்கம், பின்வாங்கல். வலப்பக்கம் சாய்ந்தால் அளவு மீறிய முனைப்பு. ஏறத்தாழ இப்படி. நானும் அதைப் பின்பற்றிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் பாகைமானி வைத்து அளக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அத்தோடு விட்டுவிட்டேன்.

இப்போது செய்வது இதுதான். அட்டையைப் பக்கவாட்டில் புரட்டி, விழுந்த கோணத்திலேயே விட்டுவிடுவேன். அந்தக் கோணத்தில் என்ன தெரிகிறதோ அதை நான்கைந்து வரி எழுதுவேன். தலையைச் சாய்த்துப் பார்க்கக் கூடாது. இது சொல்வதற்கு எளிது. கழுத்து தானாகச் சாயும். அதன் பிறகு மெல்லத் திருப்புவேன். எங்கே கை நிற்கிறதோ அங்கே விட்டுவிட்டு, ஏன் இங்கே நிறுத்தினேன் என்று மீதிப் பக்கத்தை எழுதுவேன். உங்கள் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று படகில் எது சரி என்று கேட்கிறீர்கள். அமைதியான நீரில் நின்ற பிறகும் கை ஏன் திருப்பிக்கொண்டே போயிற்று என்று நான் கேட்பேன். செவ்வகத்தில் எது நேர் என்பதை அச்சடித்தவர் முடிவு செய்துவிட்டார். இங்கே அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

கோணத்தைக் குறித்து வைக்கக் கடிகார மணி உதவும். படத்தில் ஒரு முனையைத் தேர்ந்துகொள்ளுங்கள். படகென்றால் அதன் மூக்கு. "விழுந்தது 2, நிறுத்தியது 9" என்று எழுதினால் போதும். பாகைமானி வேண்டாம்.

#3 ஒற்றைக்கண்

//அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது//

கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்து, ஒவ்வொருவரிடமும் "இது உங்களைப் பற்றிய கணிப்பு" என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் பெரும்பாலும் சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியவை. பொதுவாகச் சொன்ன எதையும் நாம் நமக்கென்று எடுத்துக்கொள்வோம் என்பதற்கு இன்றளவும் காட்டப்படும் சான்று இது.

செவ்வக அட்டையாவது இரண்டு திசையோடு நிற்கிறது. உங்கள் வட்டத்துக்கு எண்ணற்ற திசை. எந்தக் கோணத்திலாவது ஏதாவது பொருந்தாமல் போக வாய்ப்பே இல்லை. தவறாகவே முடியாத ஒன்று எதைத்தான் சொல்லிவிடும்?

#4 நீலக்குடை

ஒற்றைக்கண், நீங்கள் சொல்வது சரி. நான் அட்டையிடம் எதையும் கேட்கவில்லையே. அது எனக்குக் கணிப்புத் தாள் அல்ல, எழுதத் தொடங்குவதற்கான ஒரு படம். இருந்தாலும் உங்கள் கேள்வி உறுத்துகிறது. செவ்வகக் கட்டோடு மூன்று ஆண்டு எழுதியதில் எத்தனை பக்கம் அட்டையால் வந்தது, எத்தனை எப்படியும் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

#5 அச்சுமை

நான் இதிலெல்லாம் நம்பிக்கை உள்ளவன் அல்லன். அச்சுத் தொழிலில் இருபத்தெட்டு ஆண்டு இருந்தவன். ஆகவே வடிவத்தைப் பற்றி மட்டும்.

சீட்டு ஏன் செவ்வகமாக இருக்கிறது? பெரிய தாளில் வரிசையாக அச்சடித்து, நேர்கோட்டில் வெட்டினால் ஏறக்குறைய எதுவும் வீணாகாது. வட்டத்தை நேர்க்கத்தியால் வெட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் வளைந்த கத்தி பதித்த அச்சால் அழுத்தி எடுக்க வேண்டும். வட்டங்களை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் தாளில் பத்தில் ஒரு பங்கு இடுக்குகளில் போய்விடும். அச்சு ஒரு மயிரிழை நகர்ந்தால் ஓரக் கோடு ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் நிற்கும். உங்கள் கட்டில் ஓரக் கோடு இருந்தால் உற்றுப் பாருங்கள், நிச்சயம் இரண்டொரு அட்டையில் தெரியும். அது கெட்ட சகுனம் அல்ல, கத்தி நகர்ந்தது.

வட்டச் சீட்டு புதிதென்றும் நினைக்க வேண்டாம். கஞ்சிஃபா என்ற கையால் வரைந்த ஆட்டச் சீட்டுகள் பெரும்பாலும் வட்டமானவை. 1527இல் பாபர் அவற்றைச் சிந்துக்கு அனுப்பியதாக அவருடைய குறிப்பிலேயே இருக்கிறது. தசாவதாரக் கஞ்சிஃபாவில் வகுப்புக்கு 12 வீதம் 10 வகுப்புகள், 120 சீட்டுகள். ஆடுகிறவனுக்குச் சீட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற கவலை கிடையாது. எது என்று தெரிந்தால் போதும்.

இன்னொன்று. இன்றைய ஆட்டச் சீட்டில் ராஜாவுக்கும் ராணிக்கும் இரண்டு பக்கமும் தலை இருக்கிறதே, ஏன் தெரியுமா? பழைய சீட்டில் முழு உருவம் இருந்தது. தலைகீழாக வந்த ராஜாவைக் கையில் நிமிர்த்தி வைத்தாலே எதிராளிக்குத் துப்புக் கிடைத்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் இரட்டைத் தலை பரவி அந்தத் தொல்லையை ஒழித்தது. ஆட்டக்காரர்கள் திசையை ஒழித்தார்கள். நீங்கள் திசையை வாங்கி வந்து அவதிப்படுகிறீர்கள்.

கலைப்பதற்கு வருவோம். கட்டை இரண்டாகப் பிரித்து விரல் நுனியால் சரசரவென்று கோக்கும் முறைக்கு நேர் விளிம்பு வேண்டும். வட்டத்தில் அது அமையாது. அழுத்தினால் அட்டை நடுவில் வளைந்து மடிப்பு விழும். 52 சீட்டுகளை அந்த முறையில் ஏழு தடவை கலைத்தால் போதும் என்று 1992இல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் கணக்கிட்டுக் காட்டினார்கள். உங்களுக்கு அது உதவாது. மேசையில் ஒரு துணியை விரித்து, எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரு கையாலும் ஒரு நிமிடம் வட்டமாகப் பிசையுங்கள். பிறகு கூட்டிச் சேருங்கள். வட்ட அட்டைக்கு இதைவிட நல்ல முறை இல்லை. கோணமும் அப்போதுதான் உண்மையாகக் கலையும். கையில் வைத்து மேலும் கீழும் மாற்றிக்கொண்டிருந்தால் அட்டைகள் இடம் மாறும், கோணம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

மூலை இல்லாததால் வட்டக் கட்டு மெல்லத்தான் நைந்து போகும். முக்கோணக் கட்டு வைத்திருப்பவர்கள் பாவம். முனை மூன்றும் முதல் மாதத்திலேயே பிரியத் தொடங்கிவிடும்.

#6 மழைக்காகம்

முக்கோணக் கட்டு வைத்திருக்கும் பாவம் நான்தான். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி வைத்திருக்கிறேன். வேறு சொல்வதற்கில்லை.

#7 தேன்கூடு

அறுகோணக் கட்டுக்காரி வந்துவிட்டேன்! இந்த இழையை இத்தனை நாள் எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை.

அச்சுமை ஐயா சொன்ன இடுக்கு எனக்கு இல்லை. ஒரே அளவான உருவத்தை இடைவெளி இல்லாமல் பரப்ப, சம பக்கமும் சம கோணமும் கொண்ட வடிவங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றால்தான் முடியும். வட்டத்தைச் சுற்றியும் ஆறு வட்டம் வைக்கலாம், ஆனால் அவை புள்ளியில்தான் தொட்டுக்கொள்ளும். அறுகோணம் ஒரு முழுப் பக்கத்தால் பக்கத்து அட்டையோடு ஒட்டும். எனக்கு எல்லாமே அந்த ஒட்டும் பக்கத்தில்தான் நடக்கிறது.

மாதத்தில் ஒரு நாள் ஏழு அட்டைகளைப் பரப்புவேன். நடுவில் அந்த மாதம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு ஒன்று. அதை மட்டும் படம் தெரிய நானே தேர்ந்தெடுப்பேன். சுற்றி ஆறு, பார்க்காமல். பிறகு அட்டைகளைப் பற்றி எழுத மாட்டேன். விளிம்புகளைப் பற்றி மட்டும் எழுதுவேன். நடு அட்டையில் இருந்த மரத்தின் வேர், பக்கத்து அட்டையின் கிணற்றுக்குள் இறங்குகிறதா, சுவரில் முட்டி நிற்கிறதா? முட்டினால் அந்த ஓர் அட்டையைத் திருப்பி வேறு பக்கத்தை ஒட்டிப் பார்க்கலாம். ஆறு வாய்ப்பு. அதற்கு மேல் இல்லை.

போன முறை நடுவில் வைத்தது "வேலையை விடுவதா" என்ற கேள்வி. அதற்காக எடுத்தது ஏணி. ஏணியின் கால் ஊன்றிய பக்கத்தில் வந்தது உறங்கும் நாய். ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், எந்தப் பக்கம் ஒட்டினாலும் ஏணி நாயின்மேல்தான் நின்றது. நாயை எழுப்பாமல் ஏணியில் ஏற முடியாது என்று எழுதியபோது சிரிப்பு வந்துவிட்டது. வேலையை விடுவதைப் பற்றி இரண்டு மாதமாக எல்லோரிடமும் பேசியிருந்தேன், வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் பகலில் உறங்கும் பழக்கம் உள்ளவர் என்பது தற்செயல்தான், ஒற்றைக்கண் அவர்களே. தெரியும்.

#8 பழையவீடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

எனக்கும் வட்டக் கட்டு ஒன்று இருந்தது. வாழ்க்கையில் மோசமான ஓர் ஆண்டில் அதை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி இருந்தது, அதற்குப் பதில் வேறொருவரிடம் இருந்தது, அவர் பேசுவதாக இல்லை. ஓர் இரவில் அதே கேள்விக்குப் பதினோரு முறை அட்டை எடுத்தேன். செவ்வகக் கட்டாக இருந்தால் தலைகீழாக விழுந்ததும் முகம் சுருங்கி எடுத்து வைத்திருப்பேன். வட்டத்தில் அந்தத் தடையும் கிடையாது. ஆறுதல் தரும் கோணம் வரும்வரை திருப்பிக்கொண்டே இருந்தேன். எப்போதும் வந்தது. விடியும்போது மறுபடி வேண்டியிருந்தது.

மூன்றாம்பிறை சொன்ன முறையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை திருப்புங்கள். கை நின்ற பிறகு மறுபடி தொடாதீர்கள். அன்றைக்கு இன்னொரு அட்டை கிடையாது. இதைக் கைக்கொள்ள முடியவில்லை என்றால் கட்டை மூடி வையுங்கள். உறக்கமே வராத நாட்களுக்கு அட்டை ஆகாது, ஆள் வேண்டும். நான் மருத்துவரிடம் போனேன். இன்னும் முன்பே போயிருக்கலாம்.

#9 ஒற்றைக்கண்

பழையவீடு, எழுதியதற்கு நன்றி. #3இல் நான் வாதமாகச் சொன்னதை நீங்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். என் தொனி கொஞ்சம் இறங்கியே இருந்திருக்கலாம்.

எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களைப் பாதித்த நிகழ்ச்சியைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனம் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகவும் சீரில்லாமலும்தான் தெரிகிறது. எப்படியானாலும் அவர்களுக்கு அட்டை தேவைப்படவில்லை.

விழுந்த கோணத்தில் முதலில் எழுதுவது எனக்குமே பிடித்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1980இல் பீட்டர் தாம்ப்சன் ஒரு முகப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். முழுப் படத்தையும் தலைகீழாகப் பார்த்தால் ஒன்றும் உறுத்தாது. நிமிர்த்தினால் கோரமாக இருக்கும். முகம் நிமிர்ந்திருக்கும்போதுதான் நாம் அதை முகமாக முழுதாகப் படிக்கிறோம். அட்டையில் ஆள் உருவம் வந்தால் நிமிர்த்திய கணமே "இவள் சோகமாக இருக்கிறாள்" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். சாய்ந்து கிடக்கும்போது கையில் இருப்பதையும் காலடியில் இருப்பதையும் பார்ப்போம்.

நீலக்குடை, #4இல் கேட்டதற்கு ஒரு சோதனை. ஆறு நாள் எழுதுங்கள். ஆறு பக்கத்தையும் ஆறு அட்டையையும் நம்பிக்கையான ஒருவரிடம் கலைத்துக் கொடுத்து, எந்தப் பக்கம் எந்த அட்டைக்கு என்று பொருத்தச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினாலே சராசரியாக ஒன்று சரியாக விழும். அட்டை ஆறானாலும் அறுபதானாலும் அதே ஒன்றுதான். அதற்கு மேல் எவ்வளவு வருகிறதோ, அதுவே அட்டை உங்களுக்குச் செய்த வேலை.

#10 நீலக்குடை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோர் சொன்னதையும் செய்தேன். மேசையில் துணி விரித்துப் பிசைந்தேன் (அச்சுமை ஐயா, இது ஒன்றுக்கே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்). ஒரு முறைக்கு மேல் திருப்பவில்லை. இரண்டு நாள் கை துறுதுறுத்தது, கட்டைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஒற்றைக்கண்ணின் சோதனை முதலில். பரிசளித்த தோழியிடமே கொடுத்தேன். ஆறில் இரண்டு சரி. அதில் ஒன்று படகு. அந்தப் பக்கத்தில் நான் "படகு" என்றே எழுதியிருந்தேன். ஆக, மூன்று ஆண்டாகப் படம் எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது. எப்படியும் எழுதியிருக்கக்கூடியதைத்தான் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஆனால் கடிகாரக் குறிப்பு வேறு. பத்தொன்பது நாள் குறித்திருக்கிறேன். ஒரு மாலையில் அவற்றை வரிசையாகப் படித்தேன். விழுந்த மணி கண்டபடி இருக்கிறது. 2, 7, 11, 4. நிறுத்திய மணியில் பெரும்பாலும் 10, 12, 1. முகமோ மூக்கோ உள்ள எதையும் நான் 6 மணியில் நிறுத்தவில்லை. 6 என்றால் என்னை நோக்கி.

ஒற்றைக்கண் என்ன சொல்வார் என்று தெரியும்: நிற்கும் குதிரையை அப்படி வைத்தால் கவிழ்ந்து தெரியும், யாரும் வைக்க மாட்டார்கள் என்று. நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் மேலிருந்து பார்த்து வரைந்த அட்டைகளும் வந்திருக்கின்றன: ஆமை, இரண்டு மீன், பனியில் போகும் நரி. அவற்றுக்குத் தலைகீழ் என்று ஒன்று இல்லை. அவையும் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. நான்கும்.

இருபதாவது நாள் அட்டை உருவவில்லை. ஆமையைத் தேடி எடுத்து, என்னை நோக்கி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றுதான், விதியில் இல்லாதது. அக்காவிடமிருந்து வந்து நான் திறக்காமலே வைத்திருக்கும் மின்னஞ்சல் ஒன்றைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். மின்னஞ்சலை இன்னும் திறக்கவில்லை.

ஒரு சிறு கேள்வி மட்டும் பாக்கி. பெட்டி ஆழமாக, அட்டைக்குச் சரியாக இருப்பதால் விரல் நுழைவதில்லை. கவிழ்த்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. நேற்று ஒன்று உருண்டோடி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. என்ன செய்யலாம்?

#11 ஒற்றைக்கண்

நான்கு அட்டை மிகவும் குறைவு, இதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. இருந்தாலும் மணியைக் குறிப்பதை நிறுத்தாதீர்கள். எண்ணிக்கை கூடட்டும்.

#12 அச்சுமை

ஒரு விரல் அகலத்தில் துணி நாடா ஒன்றைப் பெட்டியின் அடியில் குறுக்காகப் போட்டு, இரு நுனியும் வெளியே தொங்கும்படி வைத்துவிட்டு அதன்மேல் அட்டைகளை அடுக்குங்கள். நுனிகளைப் பிடித்துத் தூக்கினால் கட்டு மேலே வந்துவிடும். நாடா வழுவழுப்பாக இருக்கக் கூடாது, பருத்தியாக இருக்கட்டும். அலமாரிக்கு அடியில் போனதை அளவுகோலால் இழுக்காதீர்கள், ஓரம் நசுங்கும். அலமாரியை நகர்த்தி எடுங்கள்.